"உடற்பயிற்சி செய்றீங்களா?" – கேள்வி ஒன்று, பொருள் பல

உங்கள் வீட்டுக்கு ஆஷா பணியாளரோ கிராமச் செவிலியரோ வந்து படிவம் நிரப்பியது நினைவிருக்கிறதா? வயது, இடுப்புச் சுற்றளவு, புகை, மது, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்பார்கள். அதில் உடல் உழைப்பு பற்றியும் ஒரு கேள்வி வரும். பாகூர் கொம்யூனில் ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தப் பேச்சு இப்படி நடந்தால்?

"அக்கா, நீங்க உடற்பயிற்சி ஏதாவது செய்றீங்களா?"

"அதுக்கெல்லாம் ஏது தங்கச்சி நேரம்? காலையில நடவுக்குப் போனா மதியம் தாண்டித்தான் வரேன். பயிற்சியெல்லாம் ஒண்ணும் கிடையாது."

படிவத்தில் 'இல்லை' என்று பதிவாகிவிடும். அதே தெருவில் இன்னொருவர், "தினமும் வாக்கிங் போறேன்" என்பார். அவர் போவது டீக்கடை வரைக்கும், மெதுவாக 5 நிமிடம். அங்கே 'ஆம்' என்று பதிவாகும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கேட்ட சொல்லை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இது ஒரு படிவத்தோடு முடிகிற சங்கதி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. அதன்படி நாட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு (26.4) அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம் நம்மிடம்தான். நாலில் ஒருவருக்கு மேல். இந்த நிலையில் யார் போதுமான அளவு உடலை அசைக்கிறார், யார் அசைக்கவில்லை, ஏன் அசைக்க முடியவில்லை என்பது சரியாகத் தெரிந்தாக வேண்டும். அதற்கு முதலில் கேட்பவரும் சொல்பவரும் ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் வைத்திருக்க வேண்டும். இந்தப் பாடம் அதற்குத்தான்.

பாடம் 1: மூன்று சொல், மூன்று பொருள்

1985-இல் காஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லாரும் கலந்துகட்டிப் பயன்படுத்திய மூன்று சொற்களை அவர்கள் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் பிரிவைத்தான் பின்பற்றுகிறார்கள். நம்ம ஊர் வழக்கில் சொன்னால்:

• உடல் இயக்கம் – தசைகளை அசைத்து, உடலின் சக்தியைச் செலவழிக்கிற எந்த வேலையும். நாற்று நடுவது, களை எடுப்பது, வரப்பு வெட்டுவது, மாட்டுக்குத் தீவனம் சுமப்பது, குடத்தில் தண்ணீர் தூக்குவது, பஸ் நிறுத்தத்துக்கு நடப்பது, கபடி ஆடுவது எல்லாமே இதில் வரும்.

• உடற்பயிற்சி – உடல் இயக்கத்தில் ஒரு பகுதி. உடம்பை நல்லபடி வைத்துக்கொள்ள வேண்டும் என்றே திட்டமிட்டு, திரும்பத் திரும்பச் செய்வது. காலை நடை, யோகா, தண்டால் போல.

• உடல் தகுதி – இது செயல் இல்லை, உடம்பின் நிலை. மாடிப்படி ஏறினால் மூச்சு எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது என்பது.

நடவுக்குப் போகும் அக்காவிடம் 'உடற்பயிற்சி' இல்லை. 'உடல் இயக்கம்' நிறையவே உண்டு. ஆஷா பணியாளர் வைத்திருக்கும் படிவத்தில் கேட்கப்படுவதும் இரண்டாவதுதான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் ஏதாவது உடல் உழைப்பு உண்டா என்பது. உண்டு என்றால் மதிப்பெண் 0, குறைவு என்றால் 1. எல்லாக் கேள்விக்கும் சேர்த்து மொத்தம் 4-ஐத் தாண்டினால், பரிசோதனைக்கு அழைப்பதில் முன்னுரிமை. மதிப்பெண் எதுவாக இருந்தாலும் 30 வயது ஆனவர்கள் எல்லாரும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் முதலில் யாரைக் கூப்பிடுவது என்பதில் அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு மரியாதை உண்டு. டீக்கடை வரை மட்டும் நடப்பவருக்கு 0 விழுந்தால், அவர் வரிசையில் பின்னால் போக வாய்ப்பு இருக்கிறது.

பாடம் 2: 150 நிமிடத்தை எப்படி எண்ணுவது?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கம். இரண்டையும் கலந்தும் செய்யலாம். கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலு தரும் வேலை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம். 65 வயதைத் தாண்டியவர்கள், கீழே விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சியை வாரத்தில் 3 நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

'மிதமான', 'கடுமையான' என்றால் என்ன? கருவி எதுவும் வேண்டாம். செய்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமானது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றால் கடுமையானது. பாட்டே பாடலாம் என்றால் அது லேசானது. 150 நிமிடக் கணக்கில் சேராது. லேசான அசைவும் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நல்லதுதான். கணக்கு வேறு, நன்மை வேறு.

முன்பு, தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று ஒரு விதி இருந்தது. 2020 வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 5 நிமிடம் வேகமாக நடந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால், பழைய விதியில் எடுத்த கணக்கையும் புதிய விதியில் எடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்து, "நம்ம ஊர் சுறுசுறுப்பாயிடுச்சு" என்று சொல்ல முடியாது. மாறியது ஊரா, விதியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எண்ணும்போது நாளை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொண்டால் எதுவும் விடுபடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளும் இப்படித்தான் கேட்கிறது: வேலையில் (வீட்டு வேலையும் சேர்த்து) எவ்வளவு, போய்வருவதில் எவ்வளவு, ஓய்வு நேரத்தில் எவ்வளவு. உட்கார்ந்திருக்கும் நேரத்தைத் தனியாகக் கேட்கும்.

ஏன் மூன்றாகப் பிரிக்க வேண்டும்? 2014-இல் வெளியான 'இந்தியாப்' ஆய்வின் இன்னொரு பகுதியைப் பாருங்கள். தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகரில் 14,227 பேரிடம் கேட்டார்கள். போதிய இயக்கம் இல்லாதவர்கள் 54.4 சதவீதம், நகரத்தில் 65, கிராமத்தில் 50. ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. ஓய்வு நேரத்தை மட்டும் கேட்டிருந்தால், பத்தில் ஒன்பது பேர் 'சும்மா இருப்பவர்கள்' ஆகியிருப்பார்கள். வயலும் சைக்கிளும் கணக்கிலேயே வந்திருக்காது.

இன்னொன்று, பருவம். நடவு, அறுப்பு மாதங்களில் வாரத்துக்கு 1,000 நிமிடத்தைத் தாண்டும் உழைப்பு, வேலை இல்லாத மாதத்தில் 100-க்குக் கீழே வரலாம். அதனால் யாராவது கேட்டால், "நடவு சமயத்துல நிறைய, இப்போ ரெண்டு மாசமா வேலை இல்ல" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி கேட்பவருக்கு மிகவும் உதவும்.

பாடம் 3: 'காரணி' என்றால்?

ஒருவர் நடக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் நடப்பதில்லை. ஏன்? அந்த 'ஏன்'-க்குப் பின்னால் இருப்பவற்றைத்தான் காரணிகள் என்கிறோம். இதிலும் உலகமே குழம்பித்தான் போயிருந்தது. ஒரே விஷயத்துக்கு ஒரு நாட்டில் ஒரு பெயர், இன்னொரு நாட்டில் வேறு பெயர். ஒரே பெயருக்கு இரண்டு அளவுகோல். ஆய்வுகள் ஆயிரம் இருந்தும் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட முடியவில்லை. அதனால் ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து 'டெடிபாக்' என்ற கூட்டுத் திட்டத்தை 2013-இல் தொடங்கின. உணவையும் உடல் இயக்கத்தையும் தீர்மானிக்கும் காரணிகளுக்குப் பொதுவான சட்டகம் ஒன்றை உருவாக்குவது அதன் வேலைகளில் ஒன்று. காரணிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, நிபுணர்களை வைத்து வகை பிரித்து, 2016-இல் 6 தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

அந்த 6 தொகுதிகளையும் வில்லியனூர், பாகூர் பக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தால்:

1. தனி மனித நிலை, மனநலம் – மூட்டுவலி, களைப்பு, "என்னால முடியும்" என்ற நம்பிக்கை, ஆர்வம்.

2. குடும்பம், பொருளாதாரம் – கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் பெரியவர், இரண்டு வேலை பார்க்கும் நிலை, வருமானம்.

3. கொள்கை, ஏற்பாடு – பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை, மைதானத்தை மாலையில் திறந்து வைக்கும் விதி, பஸ் நேரம்.

4. பண்பாடு, ஊடகம் – "கல்யாணம் ஆன பொண்ணு ரோட்டுல ஓடுறதா?" என்ற பேச்சு, டிவி, செல்போன்.

5. துணை, முன்மாதிரி – கூட நடக்க ஆள், மருத்துவர் சொன்ன அறிவுரை, அப்பா சைக்கிள் மிதிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை.

6. சுற்றுச்சூழல் – தெருவிளக்கு, நடைபாதை, நிழல், நாய்த் தொல்லை, லாரிப் போக்குவரத்து, ஊசுடு ஏரி, பாகூர் ஏரிக் கரைகள் போன்ற திறந்த வெளி.

முதல் தொகுதியைத் தவிர மற்ற ஐந்தும் பெரும்பாலும் தனி ஆளின் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "சோம்பேறித்தனம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், இந்த ஐந்தும் மறைந்துபோகும்.

பாடம் 4: "வசதி இல்ல" என்றால் என்ன அர்த்தம்?

இதுதான் இந்தப் பாடத்திலேயே முக்கியமான இடம். மகளிர் குழுக் கூட்டத்தில், "நீங்க ஏன் நடக்கிறதில்ல?" என்று கேட்டால் பாதிப் பேர் "வசதி இல்ல" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நாலு பொருள் ஒளிந்திருக்கும்:

• நடக்க இடம் இல்லை.
• இடம் இருக்கிறது. எனக்கு நேரம் கிடைக்கும் பொழுதில் அங்கே இருட்டாக இருக்கிறது.
• வெளிச்சமும் இருக்கிறது. தனியாகப் போக வீட்டில் விட மாட்டார்கள்.
• எல்லாம் இருக்கிறது. போட்டுக்கொள்ள நல்ல செருப்பு இல்லை.

முதலாவதற்குப் பாதை போட வேண்டும். இரண்டாவதற்கு இரண்டு தெருவிளக்கு போதும். மூன்றாவதற்கு நாலு பெண்கள் சேர்ந்த ஒரு குழு. நாலாவதற்கு ஒரு ஜோடி செருப்பு. நாலையும் "வசதி இல்ல" என்று ஒரே கட்டத்தில் எழுதினால், யாரோ ஒருவர் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளை வாங்கி வைப்பார். செலவும் ஆகும், அந்த அக்காவும் வெளியே வர மாட்டார். பிறகு, "எல்லாம் செஞ்சு கொடுத்தும் ஜனங்க வர்றதில்ல" என்று பேச்சு வரும்.

"பாதுகாப்பு இல்ல", "தூரம்", "நேரம் இல்ல" என்பவையும் இதே ரகம். வண்டிக்குப் பயமா, நாய்க்குப் பயமா, மதுக்கடை ஓரம் நிற்பவர்களுக்குப் பயமா? பிரித்துக் கேட்டால்தான் தெரியும். பிரிப்பதற்கு நாலு கேள்வி போதும்: யாருக்கு? எந்த நேரத்தில்? எந்த இடத்தில்? எது மாறினால் நீங்கள் வெளியே வருவீர்கள்?

பாடம் 5: கூட வருவதெல்லாம் காரணம் ஆகாது

தெருவிளக்கு உள்ள தெருவில் அதிகம் பேர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விளக்கால்தான் நடக்கிறார்களா? கடைத்தெரு என்பதால் விளக்கும் வந்திருக்கலாம், ஆட்களும் வந்திருக்கலாம். இரண்டு விஷயம் சேர்ந்தே காணப்பட்டால் அது 'தொடர்புக் காரணி'. ஒன்று மாறினால் அதனாலேயே மற்றதும் மாறுகிறது என்று உறுதியானால்தான் 'தீர்மானக் காரணி'. விளக்கு போடுவதற்கு முன் எத்தனை பேர் நடந்தார்கள், போட்ட பின் எத்தனை பேர், விளக்கு இல்லாத பக்கத்துத் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணினால் ஓரளவு விடை கிடைக்கும். வாட்ஸ்அப்பில் "இதைச் செய்தால் சுகர் போய்விடும்" என்று வரும் செய்திகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

எண்ணும்போதும் சொல்லில் கவனம் வேண்டும். பெரியகாட்டுப்பாளையம், ரங்காரெட்டிப்பாளையம் கிராமங்களில் 20 முதல் 49 வயது வரையுள்ள 485 பேரை வைத்து ஒரு நடைத் திட்டம் நடந்தது. 30 சிறு குழுக்கள், நாளுக்கு 30 நிமிட வேக நடை, 10 வாரம். முடிவில் வாரத்துக்கு 4 நாளுக்கு மேல் நடந்தவர்கள் 265 பேர். 1 முதல் 4 நாள் வரை நடந்தவர்கள் 156 பேர். பாதியில் விட்டவர்கள் 64 பேர். 'நடந்தவர்' என்பதற்கு 'ஒரு நாளாவது நடந்தவர்' என்று பொருள் வைத்தால் வெற்றி 87 சதவீதம். '4 நாளுக்கு மேல்' என்று வைத்தால் 55 சதவீதம். ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆய்வாளர்கள் மூன்று எண்ணையும் தனித்தனியாகச் சொன்னதால்தான் நமக்கு உண்மை நிலவரம் தெரிகிறது. மொத்தத்தில் அந்த ஊர்க்காரர்களின் சராசரி ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தது.

உங்கள் செல்போன் காட்டும் அடிகள்

செல்போன் எண்ணுவது 'நடந்த அடி' அல்ல, 'போனோடு நடந்த அடி'. போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வயலுக்குப் போனால், நாள் முழுக்க உழைத்தவருக்கு 600 அடி என்று காட்டும். நாற்று நடுவதும் சுமை தூக்குவதும் அடிக்கணக்கில் சரியாக வராது. '10,000 அடி' என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. செயலியைப் பாருங்கள், ஆனால் உங்கள் பேச்சு-பாட்டு சோதனையை நம்புங்கள்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

கேள்வி 1: சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் 8 மணி நேரம் நின்றபடி வேலை. பஸ் நிறுத்தத்துக்கு வேக நடை, போக 10, வர 10 நிமிடம். வாரம் 6 நாள். போதுமா?
விடை: நிற்பது சேராது. 20 × 6 = 120 நிமிடம். இன்னும் 30 நிமிடம் வேண்டும்.

கேள்வி 2: பாகூர் பெரியவர் ஒருவர் மூச்சு லேசாக வாங்கும்படி சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போகிறார். போக 15, வர 15 நிமிடம், வாரம் 5 நாள்.
விடை: 30 × 5 = 150. போதும். அவர் 'உடற்பயிற்சி செய்யாதவர்' இல்லை.

கேள்வி 3: வில்லியனூர் கல்லூரி மாணவர். மற்ற நாள் ஸ்கூட்டி. சனி, ஞாயிறு தலா 40 நிமிடம் வியர்க்க விறுவிறுக்கக் கபடி.
விடை: கடுமையான இயக்கம் 80 நிமிடம். 75-ஐத் தாண்டிவிட்டார்.

கேள்வி 4: நடவு முடிந்துவிட்டது. இப்போது மாட்டு வேலை மட்டும், மூச்சு வாங்கும்படி தினம் 20 நிமிடம்.
விடை: 20 × 7 = 140. வாரத்தில் ஒரு நாள் 10 நிமிடம் வேகமாக நடந்தால் கணக்கு நேராகும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

1. வீட்டில் 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் வேலை, போய்வருவது, ஓய்வு என மூன்று வரியில் ஒரு வாரக் கணக்கை செல்போன் குறிப்பில் எழுதி வையுங்கள். ஆஷா பணியாளர் வரும்போது அதைக் காட்டுங்கள்.

2. "உடற்பயிற்சி செய்றீங்களா?" என்று யார் கேட்டாலும், "வேலையும் சேர்த்தா, தனியா பயிற்சி மட்டுமா?" என்று திருப்பிக் கேளுங்கள். தப்பில்லை, கேட்பவருக்கும் அது உதவிதான்.

3. மகளிர் குழுவிலோ தெரு வாட்ஸ்அப் குழுவிலோ மூன்று சொல்லுக்கு மட்டும் பொருள் முடிவு செய்யுங்கள். உதாரணமாக: 'கிட்ட' என்றால் 10 நிமிட நடை. 'வெளிச்சம்' என்றால் எதிரே வருபவரின் முகம் தெரிய வேண்டும். 'நடக்கிறவர்' என்றால் வாரம் 4 நாளாவது நடப்பவர். எல்லாரும் ஒப்புக்கொண்டதை எழுதிக் குழுவில் பதிந்து வையுங்கள்.

4. கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு கொடுக்கும்போது "வசதி செய்து தரவும்" என்று எழுதாதீர்கள். எந்தத் தெரு, எந்த மின்கம்பம், எத்தனை மணிக்கு, அதனால் எத்தனை பேர் நடக்க முடியவில்லை என்று எழுதுங்கள். கூடவே ஒரு புகைப்படம்.

5. உங்களுக்கு 30 வயது ஆகியும் இந்த ஆண்டு சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கவில்லை என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே இரண்டும் இலவசமாகப் பார்ப்பார்கள். நடந்தே போனால் அந்த நிமிடங்களும் கணக்கில் சேரும்.